ஸ்டோர் ரூமுக்கு ஒரு ஜன்னல்

ஜூன் 9

டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். குளியலறைக்கு மட்டும் எழுந்து போகலாம். படி இறங்கக் கூடாது, வீடு கட்டும் இடத்துக்குப் போகவே கூடாது. காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கண்பட்டுவிடும் என்று நம்பும் அளவுக்கு நான் படித்தவள். யாராவது கேட்டால் முதுகுவலி என்று சொல்லலாம் என்றேன்.

"வாந்தியோட வர்ற முதுகுவலியா?" என்று கேட்டுவிட்டு நானாய் மாங்காய் நறுக்கப் போனார்.

நானாய் என்றால் இங்கே அம்மா. என் மாமியார், பெயர் பெலிசா. அவர் பேசுவது விசயன் மொழி. நானும் என் கணவன் நாந்தேயும் பாதி அதையும் பாதி ஆங்கிலத்தையும் கலந்து பேசுவோம். ஆனால் இந்த நோட்டில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள். என் கைக்கு அதுதான் வரும். தூத்துக்குடியில் பிறந்த கையை பிலிப்பைன்ஸுக்குக் கூட்டிவந்தால் அது என்ன செய்யும்?

பொஹோல் தீவில் ஒரு தென்னந்தோப்பு. அதில் ஆள் உயரத் தூண்களின் மேல் நிற்கும் பழைய மரவீடு நானாயுடையது. கூப்பிடு தூரத்தில் எங்கள் புது வீட்டுக்குத் தூண்கள் எழும்பிவிட்டன. துபாயில் ஒரே கம்பெனியில் நான் வரைந்தேன், அவன் கட்டினான். இங்கேயும் அதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், வரைந்தவள் இப்போது பாயில் கிடக்கிறாள்.

ஜூன் 12

கட்டில் வேண்டாம், புழுக்கம் என்று நானாய் என் பாயைச் சுவரோரமாகத் தரையில் விரித்தார். இந்த வீட்டில் பெரிய ஜன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டி, இன்னொரு குட்டி ஜன்னல் உண்டு. கடைந்த மரக்கம்பிகள், பின்னால் ஒரு தள்ளுபலகை. வெந்தனில்யா என்பார்கள். பெரிய ஜன்னல் நிற்பவர்களுக்கு. இது படுத்திருப்பவர்களுக்கு.

என் புது வீட்டு வரைபடத்தில் முதல் வேலையாக அடித்தது இதைத்தான். பழைய வீட்டின் நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு இன்றைக்குத் தோதாகக் கட்டுவது என் எண்ணம். மரத்தூணுக்குப் பதில் கான்கிரீட். ஓலைக்குப் பதில் சரிவான தகரம், அதன் அடியில் மூங்கில் பாய். வீட்டுக்கு அடியில் காலி இடம் அப்படியே. சிப்பி ஜன்னலும் அப்படியே. குட்டி ஜன்னல் எதற்கு, ஏசி இருக்கிறதே என்று நினைத்தேன். நான் அப்போது நின்றுகொண்டு யோசித்தேன்.

இப்போது முழு மதியமும் அதன் வழியாகக் காற்று என் காது வரைக்கும் வருகிறது. வாழையின் கால்கள் தெரிகின்றன. ஒரு சேவல் தினமும் வந்து நின்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது.

கம்பிகளில் ஒன்று மட்டும் கடையப்படாமல் வெறும் கழியாக இருக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"உன் புருசன் நாலு வயசுல தலைய விட்டு மாட்டிக்கிட்டான். எண்ணெய் தடவுனோம், சோப்பு போட்டோம், ஃபாதர் வந்து ஜெபம்கூட சொன்னாரு. கடைசில அவங்கப்பா கம்பிய அறுத்தாரு. அந்த முழிய நீ பாத்திருக்கணும்."

ஜூன் 15

இன்று ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதே நல்லது.

ஜூன் 30

வரைபடத்தைத் திருத்தினேன். ஹாலுக்கு, எங்கள் அறைக்கு, நானாய் அறைக்கு, எல்லாவற்றுக்கும் குட்டி ஜன்னல். பின்னால் கொசுவலை, மழைக்குத் தள்ளுபலகை. தச்சர் மனோங் இஸ்கோவுக்குப் பிடிக்கவில்லை. மனோங் என்றால் இங்கே அண்ணன். சேற்றுக் காலோடு அவர் மேலே வரமாட்டார், நான் கீழே போகக் கூடாது. ஆகவே வீட்டுக்கு அடியில் நின்று தரைப்பலகை இடுக்கு வழியாகப் பேசினார். யாரோ பாதாளத்திலிருந்து பேசுவது போல இருந்தது.

"மேம், இப்ப எல்லாரும் கண்ணாடி கேக்குறாங்க. நீங்க என்னடான்னா எங்க தாத்தா காலத்து ஓட்டைய கேக்குறீங்க."

"மனோங், நீங்க என்னைக்காவது மதியத்துல தரையில படுத்திருக்கீங்களா?"

"தினமும் மேம்."

"ஏசியிலயா?"

"எத்தன ஓட்டை வேணும்?" என்றார்.

எல்லா அறைக்கும் சொன்னேன், ஸ்டோர் நீங்கலாக. எங்கள் அறையை ஒட்டி, காலை வெயில் விழும் வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன அறை. வரைபடத்தில் அதன் பெயர் ஸ்டோர். அதற்கு ஜன்னல் தேவையில்லை.

இடுக்கு வழியாகப் பேனாவைக் கீழே போட்டேன், அவர் குறித்துக்கொண்டார். பேனா திரும்பி வரவில்லை.

ஜூலை 14

விடியும்போது அரைத்தூக்கம். ஜன்னல் சட்டங்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய சிப்பி ஓடுகளைக் கோத்திருக்கிறார்கள். வெளிச்சம் அதன் வழியாக நேரே வராது, பால் கலந்து வரும். எங்கள் ஊரில் சிப்பியை உடைத்து முத்தை எடுத்துக்கொண்டு ஓட்டைத் தூரப் போடுவோம். இங்கே ஓட்டைத் தேய்த்து வீட்டுக்குள் வெளிச்சத்தைக் கூப்பிடுகிறார்கள். முத்து கிடைக்காதவர்களுக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது.

கனவில் வீடு பாவாடையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு கடலுக்குள் நடந்தது. நான் உள்ளேயே பாயில் கிடந்தேன். தரை இடுக்கில் மீன்கள் வந்து எட்டிப் பார்த்தன. "நிலையில உக்காராதட்டி" என்று எங்கிருந்தோ அம்மா சத்தம் போட்டாள். நான் உட்காரவில்லை அம்மா, படுத்திருக்கிறேன் என்றேன். வீடு நின்று என்னைக் கேட்டது, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று. நான் பதில் சொல்லவில்லை. விழித்துக்கொண்டேன்.

கனவிலும்கூட நான் ஜாக்கிரதைக்காரி.

ஜூலை 28

மூன்றாம் நாளாக மழை. வீட்டுக்கு அடியில் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகிறது. யாரும் அதற்காகக் கவலைப்படவில்லை. போக வழி இருக்கிறது, போகட்டும் என்று நானாய் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

மதியம் பயந்துவிட்டோம். டாக்டர் வந்து பார்த்தார். இப்போது பரவாயில்லை. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

டாக்டர் போனபிறகு நாந்தே கோழிகளுக்குத் தீனி போடுகிறேன் என்று கீழே இறங்கினான். தண்ணீரில் நின்றுகொண்டு எந்தக் கோழிக்குத் தீனி போட்டானோ தெரியவில்லை. கோழிகள் எல்லாம் படிக்கட்டில் இருந்தன. தரை இடுக்கு வழியாக மூக்கை உறிஞ்சும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஒரு கோழிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 16

அம்மா வீடியோவில் வந்தாள்.

"ஏட்டி அமலி, எப்பம் பாத்தாலும் படுத்துக்கிட்டே பேசுதியே, என்ன?"

"முதுகுவலிம்மா."

"முதுகுவலிக்காரி எதுக்குட்டி மாங்காயக் கடிக்கா?"

கையில் மாங்காய் இருந்ததை மறந்துவிட்டேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் பெரிய பெரிய கட்டடங்களுக்குப் பிழை கண்டுபிடித்தவள் நான். என்னை என் அம்மா மிக்கேலம்மாள் ஒரு மாங்காயில் பிடித்துவிட்டாள்.

"எத்தன மாசம்?"

"ஏழு."

"ஏழா! மாதாவே! கட்டட வேலை நடக்குத வீட்டுல... வயித்துப் பிள்ளக்காரி இருக்கும்போது வீடு கட்டப்படாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தூணு போட்ட பிறகுதாம்மா எனக்கே தெரிஞ்சுது."

அம்மா யோசித்தாள். "அப்பம் நிறுத்தாத. பாதியில நிறுத்துனா அது அதவிடக் கெடுதல். ஆனா ஒண்ணு, பிள்ள பொறக்காம தொட்டில் கிட்டில் ஒண்ணும் வாங்கிப் போடாத, கேட்டியா?"

"இந்தத் தடவ ஒண்ணும் வாங்கலம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அம்மா போனைத் தன் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்தாள். திரை முழுக்க ஒரே ஒரு கண்தான் தெரிந்தது.

"இந்தத் தடவையா? அப்பம் முந்தி?"

"ரெண்டு."

"எனக்கிட்டச் சொல்லணும்னு தோணலையாட்டி ஒனக்கு?"

அம்மா அழுதாள். நானும் அழுதேன். நானாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனுக்குள் இருந்தவளுக்குத் தன் ஜெபமாலையைத் தூக்கிக் காட்டினார். அம்மாவும் தன்னுடையதைக் காட்டினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் ஆரம்பித்தார்கள். மணி உருள்வது மட்டும் ஒன்றாக இருந்தது. நான் நடுவில் தூங்கிப்போனேன்.

ஆகஸ்ட் 29

கூரை போட்டாகிவிட்டது. சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். நல்ல சத்தம்.

செப்டம்பர் 3

நாந்தே புது வீட்டைப் படம்பிடித்துக் கொண்டுவந்தான். அவன் நடக்க நடக்க வீடு ஆடுகிறது. ஹால். எங்கள் அறை. நானாய் அறை. எல்லாச் சுவரின் காலடியிலும் குட்டி ஜன்னல்கள், வரிசையாக. படத்திலேயே திரை அசைவது தெரிந்தது. சந்தோஷத்தில் பாயைத் தட்டினேன்.

பிறகு ஒரு கதவைத் திறந்தான். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நான்கு பக்கமும் பலகை. "இது ஸ்டோர்" என்று அவன் குரல் மட்டும் கேட்டது. உடனே கதவை மூடிவிட்டான்.

நான் வரைந்தது அப்படித்தான். பலகைக்குப் பலகை சரியாக இருந்தது. ஆனாலும் படத்தை அங்கேயே நிறுத்தினேன். வயிற்றுக்குள்ளேயிருந்து ஓர் உதை வந்தது. அதையும் எழுதிவிட்டேன், போகட்டும்.

மாலையில் மனோங் இஸ்கோவைப் போனில் பிடித்தேன்.

"மனோங், ஸ்டோருக்கு ஒரு ஜன்னல் வெச்சிருங்க. அரிசி புழுங்கிப் போகும்."

"ஜன்னல் வெச்சா எலி வரும் மேம்."

"அரிசி வேண்டாம். புத்தகம் வைக்கலாம்."

"கடல்காத்துல புத்தகம் பூத்துப் போயிரும் மேம்."

"ஏதோ ஒண்ணு வைப்போம் மனோங்! உள்ள இருக்குறதுக்கு மூச்சு முட்டாதா?"

"சாமானுக்கு மூச்சு எதுக்கு மேம்?"

போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4

இதை முழுசாக எழுத வேண்டும்.

காலையில் நாந்தே என் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, அந்த வெறும் கழியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மனோங் சொன்னாரு, ஸ்டோருக்கு ஜன்னல் கேட்டியாம். ஏன்?"

"சும்மா."

"அமலி, ஒண்ணு சொல்லட்டுமா? துபாய்ல இந்தப் பிளான முதல்ல காட்டுனல்ல, அன்னைக்கே பாத்தேன். நம்ம ரூமை ஒட்டி, காலை வெயில் விழுற மூலையில எவளாவது ஸ்டோர் வைப்பாளா? சரி, இவ முடிவு பண்ணிட்டா, இனிமே பிள்ளையே வேண்டாம்னு. என்னைய ஒரு வார்த்த கேக்காம முடிவு பண்ணிட்டான்னு நெனச்சேன்."

"நீ ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவே. நீ அழுதா நான் என்ன பண்ணுவேன்?" கழியையே பார்த்துக்கொண்டு பேசினான். "அப்புறம் இது வந்துச்சு. இப்ப மாத்துவா, இப்ப மாத்துவான்னு பாத்துட்டே இருந்தேன். பாயில படுத்துக்கிட்டு எல்லா ரூமையும் மாத்துன. அத மட்டும் தொடல. அப்ப உனக்கு நம்பிக்கையே இல்லன்னு தெரிஞ்சுது. நான்தான் சீக்கிரமா பலகை அடிக்கச் சொன்னேன். தினமும் அந்தக் காலி மூலைய பாத்துட்டு என்னால வேலை செய்ய முடியல."

அது என்னை உலுக்கிவிட்டது. நான் ஸ்டோர் என்று எழுதியது நம்பிக்கை இல்லாததால் இல்லை. அதிகமாக இருந்ததால். துபாயில் இரண்டு முறை முன்கூட்டியே எல்லாம் வாங்கினேன். தொட்டில், மஞ்சள் பெயின்ட், வாத்துப் படம் போட்ட திரை. இரண்டு முறையும் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நான் திரும்பி வந்தபோது அறை காலியாக இருந்தது. தொட்டிலைக் கடைக்குத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனவன் இவன். கடைக்காரன் என்ன கேட்டான், இவன் என்ன சொன்னான், நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. சூடு கண்ட பூனை நான். மூன்றாம் முறை பெயர் எழுதாமல் விட்டால், எதிர்பார்த்தது யாருக்கும் தெரியாது, பறிபோகாது என்று நினைத்தேன். யாருக்குத் தெரியாமல்? சுவருக்கா? இவனுக்குத் தெரியாமல்தான் ஆகிவிட்டது.

"அது ஸ்டோர் இல்ல" என்றேன்.

"என்ன?"

"ஸ்டோர் இல்ல நாந்தே. பிள்ளையோட ரூம். முதல் நாள்லருந்தே பிள்ளையோட ரூம்தான். எனக்கு எழுதப் பயம்."

அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. சேவல் வழக்கம்போல வாழைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. நாந்தே தன் தலையை என் தோளில் வைத்தான். கோழிக்குச் சளி என்று இந்த முறை எழுத முடியாது. என் கழுத்தெல்லாம் நனைந்தது.

பிறகு எழுந்து பெரிய ஜன்னலைத் தள்ளித் திறந்து தோப்பே அதிரக் கத்தினான். "மனோங்! அந்தச் சுவரப் பிரிங்க! அது எங்க பிள்ளையோட ரூம்!"

"அத முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று அங்கிருந்து பதில் வந்தது. "அரிசியாம், புத்தகமாம்!"

அடுக்களையில் நானாய் உரக்கச் சிரித்தார். அவர் அங்கே ஏன் அத்தனை நேரம் ஒரே பாத்திரத்தைக் கழுவினார் என்று இப்போது புரிகிறது.

செப்டம்பர் 6

ரம்பத்தின் சத்தம். படுத்துக்கொண்டே கேட்டேன். வாழ்க்கையில் இவ்வளவு நல்ல இசையைக் கேட்டதில்லை.

பெரிய ஜன்னல் வைத்துவிட்டார்கள். குட்டி ஜன்னலுக்குக் கடைந்த கம்பி தீர்ந்துவிட்டதாம், டவுனிலிருந்து வர வேண்டுமாம். இடத்தை மட்டும் அறுத்து, மேலே சாக்கை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 8

ஆஸ்பத்திரி. பெண். அவசரக்காரி, நாள் இருக்கும்போதே வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். கைவிரல் நகம் எல்லாம் சரியாக இருக்கிறது. மூச்சு தானாக விடுகிறாள்.

மூச்சு தானாக விடுகிறாள் என்று இன்னொரு முறை எழுதுகிறேன்.

அக்டோபர் 17

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வட்ட ஓட்டை உண்டு, கையை நுழைக்க. அதன் வழியாக விரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். படுத்திருப்பவர்களுக்கு ஜன்னல் தாழ்வாகத்தான் இருக்க வேண்டும்.

அவளுக்குப் பெயர் கேட்டார்கள். நாந்தேயைப் பார்த்தேன். "அமிஹான்" என்றான். இங்கே இந்தப் பருவத்தில் வடகிழக்கிலிருந்து வரும் குளிர்ந்த காற்றுக்கு அதுதான் பெயர். பேனாவை வாங்கி நானே எழுதிக்கொடுத்தேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது.

அக்டோபர் 30

வீட்டுக்கு வந்துவிட்டோம். புது வீட்டுக்கு.

அம்மா தூத்துக்குடியிலிருந்து ஒரு பெட்டி கருப்பட்டியோடும் தன் பழைய நூல்சேலைகளோடும் வந்து இறங்கியிருக்கிறாள். பெயரைக் கேட்டதும் முதல் சண்டை. "வாடைக்காத்துக்கு யாராவது பிள்ளைக்குப் பேரு வைப்பாளாட்டி?" ஞானஸ்நானத்துக்கு மிக்கேலா என்று வைக்கிறோம் என்றதும் சண்டை அப்படியே நின்றது.

நாந்தே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். நான் மெதுவாகப் படியேறினேன். இத்தனை மாதம் நான் கண்ணால் பார்க்காத என் வீடு. பால் வெளிச்சம். காலுக்கு அடியில் காற்று. எங்கள் அறையைத் தாண்டி, அந்தக் கதவு.

பெரிய ஜன்னல் திறந்திருந்தது. உத்தரத்தில் அம்மா சேலையில் தூளி கட்டிவிட்டாள். மூட்டை கட்டித் தொங்கவிடும் அறை என்று நினைத்து மனோங் இஸ்கோ அந்த உத்தரத்தை மட்டும் இரட்டிப்புக் கனத்தில் போட்டிருக்கிறார். பொய் சொன்னதில் கிடைத்த ஒரே லாபம் அது. பத்து அமிஹான்களைத் தாங்கும்.

பெரிய ஜன்னலுக்குக் கீழே குட்டி ஜன்னலும் வந்திருந்தது. புது மரமாக இல்லை, கறுத்துப் பழகிய மரம். வரிசையாகக் கடைந்த கம்பிகள், நடுவில் ஒன்று மட்டும் வெறும் கழி.

ஓடிப்போய்ப் பெரிய ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழைய வீட்டில், என் பாய் கிடந்த சுவரின் காலடியில், புதுப்பலகை அடித்த ஒரு சதுரம் தெரிந்தது.

"நானாய், அங்கருந்து எடுத்துட்டீங்களா?"

"நீ எந்திரிச்சிட்ட. அங்க இனிமே யாரு படுக்கப்போறா?" என்றார். "மனோங் புதுக் கழி ஒண்ணு கடைஞ்சு மாத்துறேன்னாரு. கை வெச்சா வெட்டுவேன்னு சொன்னேன்."

காற்றுப் படும் என்று அம்மா தள்ளுபலகையை மூடினாள். புழுங்கும் என்று நானாய் திறந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆனால் இந்தச் சண்டைக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. நடுவே பிள்ளை பாயில் தூங்கினாள். கடைசியில் பாதி திறந்தபடி நின்றது. அவள் நெற்றி முடி ஒன்று இரண்டு முறை அசைந்தது.

அந்தக் கழியைக் கண்ணால் அளந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் இடைவெளி கொஞ்சம் அதிகம். ஆர்க்கிடெக்டாக நான் இதை இப்போதே சரிசெய்ய வேண்டும். செய்யப்போவதில்லை.

நாலு வயதில் இவள் இதில் தலையை விட்டு மாட்டிக்கொள்வாள். எண்ணெய் தடவுவோம், சோப்பு போடுவோம், ஃபாதர் வருவார். கடைசியில் இவள் அப்பா ரம்பத்தை எடுப்பார். எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன்.